தீவன பாக்டீரியாவுக்கு ஐரோப்பிய அனுமதி: கோப்பு எங்கே திரும்பி வருகிறது?

பன்றிக்குட்டிகளில் சோதனையெல்லாம் முடித்து, நம்பிக்கையோடு விண்ணப்பம் போட்ட ஒரு சிறு குழுவை எனக்குத் தெரியும். அவர்கள் வளர்த்த பாக்டீரியாவில் குறை இல்லை, குட்டிகளும் நன்றாக எடை கூடின. ஆனால் சோதனையைத் தொடங்கும் முன்பே அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை, கோப்பு திரும்பி வந்துவிட்டது. இன்னொருவருக்கு இப்படி ஆகக் கூடாது.

பின்னணி சுருக்கமாக. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அந்த இடத்துக்கு வரும் குடல் பாக்டீரியாக்கள், 1831/2003 ஒழுங்குமுறையின் கீழ் தீவனச் சேர்மானமாக அனுமதி பெற வேண்டும். மதிப்பீடு செய்வது எஃப்சா என்ற ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம்.

முதலில் பதிவு விஷயம். 2021 மார்ச் 27 முதல், விண்ணப்பத்துக்காகச் செய்யும் ஒவ்வொரு ஆய்வையும் தொடங்கும் முன் எஃப்சாவிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காததற்கு ஏற்கத்தக்க காரணம் இல்லையென்றால் விண்ணப்பமே செல்லாது. பிறகு தெரிவித்து மறுபடி கொடுத்தாலும் அதைக் கையில் எடுக்கவே ஆறு மாதம் ஆகும். ஆய்வின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆய்வுக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். நீங்களே பதிவு செய்து அடையாள எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்த பொறி மரபணு. "லாக்டோபேசில்லஸ் தானே, காலங்காலமாக மனிதர் சாப்பிடுவதுதானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. இனத்துக்கு நல்ல பெயர் இருந்தாலும் அனுமதி கிடைப்பது குறிப்பிட்ட ஒரு திரிபுக்கு, அதாவது ஸ்ட்ரெயினுக்குத்தான். அதன் முழு மரபணு வரிசையைக் கொடுக்க வேண்டும். அதில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு இருக்கிறதா, இருந்தால் வேறு பாக்டீரியாவுக்குத் தாவுமா என்று பார்ப்பார்கள். ஆன்டிபயாடிக்கைக் குறைக்க வந்த பாக்டீரியாவே எதிர்ப்பைப் பரப்பினால் என்ன பயன்? இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை, லட்சக்கணக்கில் செலவழித்து விலங்குச் சோதனை செய்த பிறகு தேடுவதுதான் தவறு. வரிசையை முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.

பேசில்லஸ் டோயோனென்சிஸ் திரிபு ஒன்று பல வருடம் அனுமதியோடு விற்பனையில் இருந்தது. டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் ஆகிய ஆன்டிபயாடிக்குகளுக்கு எதிர்ப்பு இருந்த காரணத்தால் 2013-ல் அதன் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற பாக்டீரியாவை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவமனைத் தொற்றோடு தொடர்புள்ள ஐஎஸ்16, ஈஎஸ்பி, எச்ஒய்எல் ஆகிய மூன்று மரபணு அடையாளங்களில் எதுவுமே அதில் இருக்கக் கூடாது. ஆம்பிசிலின் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள்ளேயே அதன் வளர்ச்சியைத் தடுக்க வேண்டும்.

அறிக்கையில் "எதிர்ப்பு உண்டு" என்று வந்தாலே பயந்து கைவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவசரப்படாதீர்கள். லாக்டோபேசில்லஸ் வகைகள் பலவற்றுக்கு வான்கோமைசின் இயல்பாகவே வேலை செய்யாது. அவற்றின் செல்சுவர்க் கட்டுமானமே அப்படி, அது தாவும் எதிர்ப்பு இல்லை. இதை நீங்கள்தான் எழுதி விளக்க வேண்டும். எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவக்கூடிய தனி டிஎன்ஏ வளையத்தில் இருந்தாலும் வழி உண்டு. லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி இனத்தின் ஏடிசிசி 55730 திரிபில் அப்படி இருந்த இரண்டு பிளாஸ்மிட்களை நீக்கித்தான் டிஎஸ்எம் 17938 உருவானது. ஆனால் எண் மாறியதைக் கவனியுங்கள். பிளாஸ்மிடை நீக்கினால் அது புதுத் திரிபு, நுண்ணுயிர்களை எண் கொடுத்துப் பாதுகாக்கும் சேமிப்பகத்தில் புதிதாக வைக்க வேண்டும். பழைய திரிபில் செய்த சோதனை தானாக இதற்குச் சேராது.

பெயரும் காலை வாரும். 2020-ல் லாக்டோபேசில்லஸ் பேரினம் பிரிக்கப்பட்டு, ரியூட்டரி லிமோசிலாக்டோபேசில்லஸ் ஆகிவிட்டது. ஒரு தாளில் பழைய பெயர், இன்னொன்றில் புதுப் பெயர் என்று போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மதிப்பீட்டுக்கு ஆறு மாதம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கூடுதல் தகவல் கேட்ட நாளிலிருந்து பதில் போகும்வரை அந்தக் கணக்கு நின்றுவிடும். ஒவ்வொரு கடிதமும் ஒரு நிறுத்தம். எல்லாத் தாளிலும் சேமிப்பக எண்ணைத் தவறாமல் போடுங்கள்.

"கழிச்சலைக் குணப்படுத்தும்" என்று ஒரு வரி எழுதினால் போதும், அது தீவனச் சேர்மானம் ஆகாது, மருந்தாகிவிடும். குடல் நுண்ணுயிர்களை நிலைப்படுத்தும் என்ற வகையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பலனைக் காட்டக் குறைந்தது மூன்று சோதனைகள், குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் நடந்திருக்க வேண்டும். பன்றிக்குட்டிக்குக் கிடைத்த அனுமதி கறிக்கோழிக்குச் செல்லாது.

வாங்கும் பண்ணையாளருக்கும் ஒன்று. கோழிக்கான அனுமதிகளில், எந்த ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்தோடு சேர்த்துத் தரலாம் என்ற பட்டியல் இருக்கும். அந்த மருந்துகளில் சில, பாக்டீரியாவையே கொன்றுவிடும். பட்டியலில் இல்லாத மருந்து உங்கள் தீவனத்தில் இருந்தால் காசு வீண். மூட்டையில் திரிபு எண்ணும் உயிருள்ள பாக்டீரியாவின் எண்ணிக்கையும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

அனுமதி 10 வருடத்துக்கு. புதுப்பிக்கும் விண்ணப்பம், காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தத் தேதியை அனுமதி வந்த அன்றே குறித்து வையுங்கள்.