ராகி, கம்பு, வரகு: சத்து இருக்கு சரி, அது உடம்புல போய்ச் சேருதா?

"பாலை விட ராகில மூணு மடங்கு கால்சியம்"னு ஒரு வரி, ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல இதைப் பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. வரி பொய்யில்ல. ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல வெளியிட்ட உணவு அட்டவணைல 100 கிராம் ராகிக்கு 364 மில்லிகிராம் கால்சியம்னு இருக்கு, பசும்பால்ல 100 மில்லிக்கு சுமார் 120, கணக்கு கரெக்டாத்தான் வருது. ஆனா ஒண்ணு காஞ்ச மாவு, இன்னொண்ணு பெரும்பாலும் தண்ணி. காலைல ஒரு டம்ளர் ராகி கஞ்சி காய்ச்ச எவ்வளவு மாவு போடுறோம், ரெண்டு ஸ்பூன், ஒரு 20 கிராம்னு வைங்க, அதுல கால்சியம் 70 மில்லிகிராம் சொச்சம்தான் வரும். அதே டம்ளர்ல 200 மில்லி பால் குடிச்சா 240. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1000 வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லுது. களி சாப்பிடுறவங்க கதை வேற, ஒரு வேளைக் களிக்கு 100 கிராம் மாவு ஈசியா போயிடும், அங்க ராகி நிஜமாவே பெரிய கால்சியம் சோர்ஸ்தான். கஞ்சி குடிச்சுட்டு களியோட கணக்கை எழுதிக்கிறதுதான் பிரச்சனை.

2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டா அறிவிச்சதுல இருந்து, அதுவும் இந்தியா கேட்டுத்தான் அறிவிச்சாங்க, கடைல எங்க பார்த்தாலும் மில்லட். மில்லட் நூடுல்ஸ், மில்லட் குக்கீஸ், மில்லட் ஐஸ்கிரீம் கூட வந்தாச்சு. எல்லாத்துக்கும் ஒரே பேரு வச்சு ஒரே சத்துன்னு விக்கிறாங்க, அதுதான் முதல் குழப்பம். அதே அட்டவணையைப் பார்த்தா ராகில கால்சியம் 364, கம்புல 27 தான். இரும்புச்சத்துல கம்பு 6.4 மில்லிகிராம், ராகி 4.6, வெள்ளை அரிசி 0.65. புரோட்டீன் கம்புல 11 கிராம் கிட்ட வருது, ராகில 7.2, அரிசில 7.9. ஆமா, சரியாத்தான் படிச்சீங்க, புரோட்டீன்ல ராகி அரிசிக்குக் கீழ. ஜிம் போற தம்பிங்க ராகி மால்ட்டைக் குடிச்சுட்டு புரோட்டீன் ஏறுதுன்னு நினைச்சா அந்தப் புரோட்டீன் கூட ஊத்துன பால்ல இருந்து வந்தது.

சரி, இந்த சத்தெல்லாம் தானியத்துல எங்க உக்காந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் மீதிக் கதை புரியும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி இதுக்கெல்லாம் வெளில உமி இருக்கும், அதை நீக்காம சாப்பிடவே முடியாது. உமியை எடுத்ததும் உள்ள தவிடு ஒட்டிக்கிட்டு லேசா பழுப்பா ஒரு அரிசி வரும். நார்ச்சத்து, தாது உப்பு, நல்ல கொழுப்பு இதுல பெரும்பங்கு அந்தத் தவிட்டுலயும் முளைலயும்தான். ஆனா கடைக்காரருக்கு அது ஆகாது, தவிட்டுல எண்ணெய் இருக்குறதால சீக்கிரம் சிக்கு வாசம் வந்துடும், வாங்குறவங்களும் வெள்ளையா இருந்தாத்தான் சுத்தம்னு எடுக்குறாங்க, அதனால மில்லுல இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டி பாலிஷ் போட்டுடுறாங்க. பாலிஷ் போட்டதும் நாரும் தாதுவும் குறையுது, மாவுச்சத்தோட பங்கு ஏறுது. அப்புறம் பளபளன்னு வெள்ளையா இருக்குற சாமையை அரிசியை விட ரெண்டு மூணு மடங்கு விலை கொடுத்து வாங்கி சாப்பிட்டா, அது கிட்டத்தட்ட இன்னொரு வெள்ளை அரிசிதான். கடைல வாங்கும்போது கலரைப் பாருங்க, மங்கலா பழுப்பா இருக்குறதை எடுங்க.

ராகி இதுல தப்பிச்சது அதோட உடம்பு வாகால. அதோட மேல்தோல் பல அடுக்கா உள்ள இருக்குற மாவோட இறுக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கு, உள்மாவு ரொம்ப மிருதுவானது, தோலை உரிக்கப் போனா மொத்தமும் நொறுங்கிடும். அதனால காலங்காலமா ராகியைத் தோலோட அரைக்கிறதைத் தவிர வேற வழியில்ல. கால்சியமும் நாரும் நிறைய இருக்குறது அந்தத் தோல்லதான், ஆக அது நம்ம தட்டுக்கு அப்படியே வந்துடுது. (கடைல ராகி மாவு வாங்கி நைஸ் சல்லடைல சலிச்சு திப்பியைத் தூக்கிப் போடுறவங்க இருக்காங்க, கேக் மிருதுவா வரணுமாம். என்னத்த சொல்ல.)

ஆனா தோல்ல நல்லது மட்டும் இல்ல. பைட்டிக் ஆசிட்னு ஒண்ணு அங்கதான் இருக்கு. செடி, விதை முளைக்கும்போது தேவைப்படும்னு பாஸ்பரஸை இந்த வடிவத்துலதான் சேர்த்து வைக்குது. இந்த மூலக்கூறுக்கு ஆறு பாஸ்பேட் கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அந்தக் கை ஒவ்வொண்ணுலயும் நெகட்டிவ் சார்ஜ், அதனால பக்கத்துல வர்ற இரும்பு, துத்தநாகம், கால்சியம் எதுவா இருந்தாலும் கெட்டியாப் புடிச்சுக்கும். அப்படிப் புடிச்சதை உடைக்க ஃபைட்டேஸ்னு ஒரு என்சைம் வேணும், நம்ம குடல்ல அது பேருக்குத்தான் இருக்கு. விளைவு, அட்டவணைல 4.6 மில்லிகிராம் இரும்புன்னு இருந்தாலும் அதுல ஒரு சின்னப் பங்குதான் ரத்தத்துல சேருது, மீதி வந்த வழியே போயிடுது. போதாக்குறைக்கு ராகியோட செங்கருப்பு நிறத்துக்குக் காரணமான டானின் வகையறாவும் இரும்பைக் கட்டிப் போடுற ஆளுதான்.

இங்கதான் கூழ் வேலை செய்யுது. விதை முளைக்கணும்னா அந்த பாஸ்பரஸை அதுவே வெளிய எடுத்தாகணும் இல்லையா, அதனால தானியத்துக்குள்ளயே ஃபைட்டேஸ் இருக்கு, காஞ்சு கிடக்குற வரைக்கும் சும்மா இருக்கும். ஊற வச்சா முழிச்சுக்கும், முளை கட்டினா இன்னும் அதிகமா சுரக்கும். இந்த என்சைம் லேசான புளிப்புலதான் நல்லா வேலை செய்யும், புளிப்பை அளக்குற பிஎச் கணக்குல 5 பக்கத்துல. ராகி மாவைக் கரைச்சு ராத்திரி முழுக்கப் புளிக்க வச்சா லாக்டிக் ஆசிட் பாக்டீரியா வந்து அந்தப் புளிப்பை உண்டாக்குது, ஃபைட்டேஸுக்கு அது கொண்டாட்டம், காலைக்குள்ள பைட்டிக் ஆசிட்ல கணிசமான பங்கு உடைஞ்சிருக்கும். அப்புறம் நொய் போட்டுக் காய்ச்சி, மறுநாள் மோர் ஊத்திக் கரைச்சு, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு குடிக்கிறது. ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல ஊத்துற கூழ் இதேதான். காலைல எந்திரிச்சு பாக்கெட் மாவைக் கொதிக்கிற தண்ணில கொட்டி அஞ்சு நிமிஷத்துல இறக்குற கஞ்சில இது எதுவுமே நடக்குறதில்ல, என்சைம் முழிக்கிறதுக்கு முன்னாடியே வெந்து செத்துடுது. உடனே "நம்ம முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்ல"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க, அவங்க புளிக்க வச்சது ருசிக்கும், வெயில்ல வேலைக்குப் போற இடத்துல கெடாம இருக்குறதுக்கும்தான், இரும்புச்சத்து கூடுனது கூடவே வந்த லாபம்.

இரும்புச்சத்துக்காகவே ராகி சாப்பிடுறவங்களுக்கு இன்னொண்ணு. பாலோட சேர்க்காதீங்க, கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுறதைக் குறைக்கும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அந்த டானின் வேற சேர்ந்துக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இப்படி வைட்டமின் சி இருக்குற ஏதாவது கூட இருந்தா நல்ல வித்தியாசம் தெரியும், அது இரும்பை உறிஞ்சுறதுக்கு வசதியான வடிவத்துல வச்சுக்கும். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ போனவங்க ராகியை நம்பி மாத்திரையை நிறுத்துறதெல்லாம் வேண்டாத வேலை.

முளை கட்டுறதுல இன்னொரு சுவாரஸ்யம் இருக்கு, ஒரே வேலை ஒருத்தருக்கு நல்லதாவும் இன்னொருத்தருக்கு ஆகாததாவும் இருக்கும். முளைக்கும்போது அமைலேஸ்னு ஒரு என்சைமும் கிளம்புது, அது மாவுச்சத்தைத் துண்டு துண்டா வெட்டிடும். சாதாரண ராகி மாவைக் காய்ச்சினா தண்ணியை இழுத்து உப்பி சீக்கிரம் கெட்டியாயிடும், எட்டு மாசக் குழந்தை முழுங்குற பதத்துக்கு வரணும்னா நிறைய தண்ணி விடணும், ரெண்டு கரண்டிலயே வயிறு ரொம்பிடும், உள்ள போன மாவு கொஞ்சம்தான். முளை கட்டி காய வச்சு அரைச்ச மாவு அந்த அளவுக்குக் கெட்டியாகாது, அதனால அதே கிண்ணத்துல கூடுதல் மாவு போட்டு ஊட்டலாம், குழந்தைக்கு எனர்ஜி அதிகம் கிடைக்கும். அருமையான விஷயம். ஆனா அதே மாவை சுகர் இருக்குற தாத்தாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தா? பாதி செரிச்ச மாவுச்சத்து, சட்டுன்னு குளுக்கோஸா மாறும்.

சுகர்னு பேச்சு வந்ததால அதையும் பார்த்துடலாம், ஏன்னா சிறுதானியம் அதிகம் விக்கிறதே இந்த ஒரு காரணத்தைச் சொல்லித்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல வந்த ஒரு கணக்குல சிறுதானியங்களோட சராசரி கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது சாப்பிட்டதும் ரத்தத்துல சுகர் எவ்வளவு வேகமா ஏறுதுங்கிற அளவு, 52.7, பாலிஷ் போட்ட அரிசி 70-ஐத் தாண்டுது. நல்ல வித்தியாசம்தான், ஆனா சராசரிக்குள்ள ஏகப்பட்ட ஏற்ற இறக்கம். தானியம் முழுசா இருந்தா செல் சுவருக்குள்ள மாவுச்சத்து பத்திரமா இருக்கும், செரிமான என்சைம் மெல்ல மெல்லத்தான் உள்ள போகும். நைசா அரைச்சா அந்தச் சுவர் உடைஞ்சுடும், நிறைய தண்ணில குழைய வேக வச்சா மாவுச்சத்து இன்னும் திறந்துக்கும், அப்ப ராகிக் கஞ்சியோ ராகிக் கூழோ அரிசிக்குப் பக்கத்துலயே வந்து நிக்கும். புளிச்ச கூழ் இரும்புக்கு நல்லது, சுகருக்கும் நல்லதுன்னு நினைச்சுக்கக் கூடாது. அளவு இன்னொண்ணு, 100 கிராம் ராகில 67 கிராம் மாவுச்சத்து இருக்கு, அரிசில 78. நாலு ராகி தோசைக்கு மேல ரெண்டு எக்ஸ்ட்ரா போட்டா அந்த வித்தியாசம் காலி. சாமை சோறோ வரகு சோறோ முழுசா வேக வச்சு, தட்டுல பாதிக்கு காயும் ஒரு கரண்டி பருப்பும் வச்சு சாப்பிடுறவங்களுக்குத்தான் மீட்டர்ல மாற்றம் தெரியும். சர்க்கரையும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் (சட்டுன்னு செரிக்கிற மாவுச்சத்துப் பொடி) கலந்த "ஹெல்த் மிக்ஸ்" டப்பாவைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, பின்னாடி திருப்பிப் பாருங்க போதும்.

கம்புக்கு வர்றேன். இரும்பும் புரோட்டீனும் அதிகம், ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சு சாப்பிடணும். ஒண்ணு, கம்புல கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல, கூடவே லைபேஸ் என்சைமும் இருக்கு, அரைச்சதும் ரெண்டும் கலந்து கொழுப்பு உடைய ஆரம்பிச்சுடும், அதான் கம்பு மாவு சீக்கிரம் கசக்குது. தானியமா வாங்கி வச்சுக்கிட்டு வாரத்துக்கு வேணுங்கிறதை மட்டும் அரைங்க. ரெண்டாவது தைராய்டு. கம்புல வைடெக்சின் மாதிரியான ஃபிளேவனாய்டுங்கிற தாவரப் பொருள் இருக்கு, அது தைராய்டு ஹார்மோன் செய்ற பெராக்சிடேஸ் என்சைமைத் தடுக்கும். சூடானோட டார்ஃபுர் பகுதில கம்பே பிரதான சாப்பாடு, அங்க கழுத்து வீக்கம் ஏன் அதிகமா இருக்குன்னு ஆராயப் போனப்பதான் இது வெளில வந்துச்சு. அயோடின் பற்றாக்குறையும் இதும் சேரும்போதுதான் பெரிய சிக்கல். நம்ம ஊர்ல அயோடின் உப்பு சாப்பிட்டுக்கிட்டு வாரத்துல ரெண்டு நாள் கம்பங்கூழ் குடிக்கிறவங்க பயப்பட ஒண்ணுமில்ல, ஏற்கனவே தைராய்டு குறைவா இருக்கு, மூணு வேளையும் கம்பு தான்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. தைராய்டு மாத்திரை போட்டதும் உடனே ராகிக் கஞ்சி குடிக்கிற பழக்கமும் வேண்டாம், கால்சியமும் நாரும் மருந்து சேர்றதைக் குறைக்கும், குறைஞ்சது அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் கேப் விடுங்க.

கடைசியா வரகு. 2024 அக்டோபர் கடைசில மத்தியப் பிரதேசத்துல பாந்தவ்கர் புலிகள் காப்பகத்துல ஒரு கூட்டத்துல 13 யானைல 10 யானை செத்துப் போச்சு. வயல்ல வரகுப் பயிரை மேஞ்சிருக்குங்க, பரிசோதனைல சைக்ளோபியாசோனிக் ஆசிட்ங்கிற பூஞ்சை நஞ்சு கிடைச்சுது. நஞ்சு வரகோடது கிடையாது, ஈரத்துல கதிர்ல வளர்ற ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சையோடது. வரகு சாப்பிட்டு மயக்கம், நடுக்கம், வாந்தி வந்த மனுஷங்களும் வட இந்தியக் கிராமங்கள்ல உண்டு. மழைல நனைஞ்ச கதிரை சரியாக் காய வைக்காம மூட்டை கட்டினா இந்த ஆபத்து எந்தத் தானியத்துக்கும் வரலாம், வரகுல கொஞ்சம் கூடுதல். "ஆர்கானிக்"னு எழுதி கோணிப்பைல தொங்குறதை வாங்கும்போது கைல அள்ளி மோந்து பாருங்க, பூசண வாடையோ கருப்புப் புள்ளியோ இருந்தா கழுவி சமைச்சுக்கலாம்னு நினைக்காம கடைலயே விட்டுட்டு வந்துடுங்க.