மாமா, பேஸ் வரலை

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை. செங்கோட்டையிலிருந்து என் அக்கா மகன் போன் செய்தான். அழாத குறை.

"மாமா, என்னை நல்லா ஏமாத்திட்டான்."

விஷயம் இதுதான். தன்னுடைய பழைய செடான் காரில், பின்சீட்டின் தலைமாட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற மட்டத்தில் சப்வூஃபர், அதாவது பேஸ் என்கிற அடித்தொனிக்கென்றே செய்த ஸ்பீக்கர், மாட்ட அவனுக்கு ஆசை. கடையில் கேட்ட கூலி கட்டுப்படியாகாததால் தானே மாட்டுவதென்று முடிவு. மலையைத் தாண்டி புனலூர்ப் பக்கம் போய் 10 அங்குல சப்வூஃபர் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்திருக்கிறான். வீட்டு மேசையில் வைத்து ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) இணைத்துப் பார்த்தால், கூம்பு கண்ணுக்குத் தெரியக் குதிக்கிறது, பேஸ் மட்டும் இல்லை. போன் ஸ்பீக்கரைக் கொஞ்சம் பெரிதாக்கிய மாதிரி ஒரு சோகையான சத்தம்.

"வித்தவன் மேல தப்பில்லடே. வீட்டுல வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி கிடக்கா?"

கிடந்தது. ஒரு பக்கத்தைப் பிரித்து, நடுவில் கூம்பின் அளவுக்கு வட்டமாக வெட்டி, ஓட்டையில் ஸ்பீக்கர் வாயைப் பொருத்திப் பிடிக்கச் சொன்னேன். அதே பாட்டு, அதே ஆம்ப், அதே வால்யூம். போனிலேயே எனக்கு அவன் சிரிப்பு கேட்டது. இருபது ரூபாய் பெறாத அட்டை, எங்கோ போன பேஸைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது.

ஸ்பீக்கர் எப்படி இயங்குகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். காந்தப்புலத்தில் கம்பிச்சுருள், மின்னோட்டம் திசை மாற மாறச் சுருள் முன்னும் பின்னும் போகும், அதோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளும். 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் இதற்குக் கொடுத்த வடிவம்தான் இன்றும் அடிப்படையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாடம் சொல்லாமல் விடுவது கூம்பின் முதுகை.

கூம்பு முன்னே தள்ளும்போது முன்னால் காற்று நெருங்கி அழுத்தம் கூடுகிறது. அதே கணத்தில் முதுகுப்பக்கம் காற்று விலகி அழுத்தம் குறைகிறது. முன்னால் மேடு, பின்னால் பள்ளம். இடையில் இருப்பதோ ஒரு சாண் அகல ஸ்பீக்கரின் விளிம்பு. மேட்டில் இருக்கும் காற்று விளிம்பைச் சுற்றி ஓடிப்போய்ப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. அறைக்குள் பரவ வேண்டிய அலை, பிறந்த இடத்திலேயே கணக்கை நேர் செய்துகொண்டு முடிந்துபோகிறது.

அப்படியென்றால் பாடகியின் குரல் மட்டும் எப்படிக் கேட்டது? எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஸ்பீக்கரின் முன்பக்கத்திலிருந்து விளிம்பைச் சுற்றி முதுகுக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடக்க ஒலிக்கு ஒரு மில்லிநொடிகூட வேண்டாம். 40 ஹெர்ட்ஸ் பேஸில் கூம்பு ஒரு தடவை போய் வர 25 மில்லிநொடி ஆகும். கூம்பு அசையத் தொடங்கியதுமே செய்தி பின்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேடும் பள்ளமும் சந்தித்துவிடுகின்றன. குரலில் இருக்கும் 1000 ஹெர்ட்ஸ் அப்படியில்லை. அதற்கு ஒரு முழு ஆட்டமே ஒரு மில்லிநொடிதான். முன்பக்க அலை சுற்றிக்கொண்டு பின்னால் போவதற்குள் கூம்பு ஆட்டத்தையே கிட்டத்தட்ட முடித்திருக்கும். சந்திப்பு தவறிப்போகிறது, குரல் தப்பித்து நம் காதுக்கு வருகிறது. அலைநீளமாகச் சொன்னால் 40 ஹெர்ட்ஸுக்கு எட்டரை மீட்டர், 1000 ஹெர்ட்ஸுக்கு ஒரு முழத்துக்கும் குறைவு.

செங்கோட்டைக்காரனுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய உதாரணம் தேட வேண்டாம், மேற்கே பார்த்தால் போதும். ஆடி மாதத்தில் மலைத்தொடர் மேல்காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஆரியங்காவில் மட்டும் ஒரு கணவாய். அந்தச் சந்து வழியாகத்தான் காற்று புளியரை வயல்களைப் படுக்கவைத்துக்கொண்டு நம் பக்கம் பாய்கிறது. இங்கே காற்றாலைகள் சுற்றுவதும் அதனால்தான். மேசையில் கிடக்கும் ஸ்பீக்கருக்கு மலையே இல்லை, நாலு பக்கமும் கணவாய். அட்டை ஒரு சின்ன மலை. பாதை நீண்டால் மேடும் பள்ளமும் சேரத் தாமதமாகும். ஆனால் 40 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் காப்பாற்ற, முன்னுக்கும் பின்னுக்கும் இடையே நாலு மீட்டருக்குமேல் பாதை வேண்டும். கார் அளவுக்கு ஒரு பலகையைக் காருக்குள் எங்கே வைப்பது?

செடான் காரில் அந்தப் பலகை ஏற்கெனவே இருக்கிறது. பின்மட்டத் தகரமும் பின்சீட்டின் முதுகும் சேர்ந்து காரை இரண்டு அறையாகப் பிரிக்கின்றன. கூம்பின் முகம் பயணிகள் பக்கம், முதுகு டிக்கிக்குள். டிக்கிக்குள் போன அலை அங்கேயே கிடக்கட்டும். பெட்டியே இல்லாமல் பேஸ் வரும் வித்தை இவ்வளவுதான். பின்சீட்டுக்குப் பின்னால் கதவு திறக்கும் ஹாட்ச்பேக்கில் இது நடக்காது. அங்கே இருப்பது கயிற்றில் தொங்கும் வெறும் தட்டு.

பெட்டி இல்லாததற்கு ஒரு விலை உண்டு. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி; கூம்பு எல்லை மீறினால் பிடித்து இழுக்கும். அந்தக் காற்றையே முக்கிய ஸ்பிரிங்காக வைத்து எட்கர் வில்சர் 1954இல் சின்னப் பெட்டியில் பெரிய பேஸ் கொண்டுவந்தார். 10 அங்குலக் கூம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் காற்றைத் தள்ளும். 30 லிட்டர் பெட்டிக்கு அது பெரிய தள்ளு, 400 லிட்டர் டிக்கிக்கு ஒரு பொருட்டே இல்லை. எனவே இழுத்துப் பிடிக்கும் வேலை முழுக்க, ஸ்பீக்கரில் கூம்பைத் தாங்கியிருக்கும் சொந்தத் தொங்கலுக்கு வந்துவிடுகிறது. பெட்டிக்கென்றே செய்த தளர்ந்த சப்வூஃபரை இங்கே மாட்டி வால்யூமைக் கூட்டினால் சுருள் அடியில் போய் டொக் டொக்கென்று முட்டும். வாங்கும்போது 'கியூடிஎஸ்' (Qts) என்று ஒரு எண் போட்டிருக்கும், கூம்பின் ஆட்டம் தானாக எவ்வளவு அடங்கும் என்பதைச் சொல்லும் எண், அதைப் பாருங்கள். 0.6, 0.7 பக்கம் இருந்தால் பின்மட்டத்துக்கு ஏற்றது, 0.3, 0.4 என்றால் பெட்டிக்கு. மருமகன் வாங்கியது 0.62. அதைப் பார்த்து வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த எண்ணைப் பார்க்காமல் காந்தத்தின் கனத்தைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். சாமி கும்பிட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி எடுப்பதையாவது மனத்திருப்தி என்று விட்டுவிடலாம். மீட்டர் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஸ்பீக்கர் வயரில் 'பேஸ் திறக்கும்' என்று நம்புவதை என்ன சொல்ல? அட்டைப்பெட்டிச் சோதனையைப் பள்ளியிலேயே செய்து பார்த்திருந்தால் அந்த வயரை எவனும் வாங்க மாட்டான். நான் படித்த பள்ளியில் இசைக்கவை அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, உடைந்தால் வாத்தியார் கைக்காசு போட வேண்டுமாம். மிருதங்கம், தபலாவின் தோலில் சுருதி எப்படிச் சேர்கிறது என்று சி.வி. ராமன் 1920இலேயே ஆராய்ந்து எழுதிய நாடு இது. அரசு ராக்கெட்டுக்குப் பணம் கொடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. இசைக்கவைக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

சரி, மாட்டுகிற வேலைக்கு வருவோம். பின்மட்டத் தகரத்தில் கம்பெனியே விட்டிருக்கும் ஓட்டைகள் நிறைய, ஒவ்வொன்றும் ஒரு ஆரியங்காவுதான். பிளைவுட், பியூட்டில் ஷீட், ஃபோம் என்று கிடைத்ததை வைத்து எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பின்சீட்டு முதுகும் சில கார்களில் வெறும் கம்பியும் பஞ்சும்தான், அதற்குப் பின்னாலும் ஒரு பிளைவுட் வேண்டும். ஸ்பீக்கரை நேரே தகரத்தில் முடுக்காமல் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மாட்டி, பிளைவுட்டைத் தகரத்தோடு போல்ட் போடுவது நல்லது. தகரம் மெலிசு; பேஸுக்கு அதுவும் சேர்ந்து பாடும். வெட்டுமுன் டிக்கிக்குள் படுத்து அண்ணாந்து பாருங்கள். மூடியின் முறுக்குக் கம்பி, சீட்பெல்ட் பிடிமானம், குழந்தை இருக்கையின் கொக்கி, குறுக்கே ஓடும் விலா ஆகியவற்றைத் தொடவே கூடாது. அந்த மட்டம் காரின் எலும்பில் ஒரு பகுதி. விலாவை வெட்டித்தான் மாட்ட முடியுமென்றால் பேசாமல் பெட்டி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் ஃபியூஸ். 300 வாட் ஆம்ப் முழு மூச்சில் 25 ஆம்பியருக்குமேல் இழுக்கும். பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். அது காப்பது ஆம்பை அல்ல, வயர் உரசி ஷார்ட்டானால் தீப்பிடிக்கப்போகும் காரை.

கதவை மூடியதும் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். காரின் உள்நீளத்தைவிட அரை அலைநீளம் பெரிதாகிவிட்டால், அதாவது ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, உள்ளே அலை ஓட இடமில்லை. மொத்தக் காற்றும் சைக்கிள் பம்ப்புக்குள் இருப்பதுபோல் ஒன்றாக அழுந்தி விரிகிறது. 3000 லிட்டர் கேபினில் அந்த மூன்றில் ஒரு லிட்டர் தள்ளே காகிதக் கணக்கில் 115 டெசிபல் வரை போகும். கதவு இடுக்குகள் கொஞ்சம் தின்றுவிடும் என்றாலும், வீட்டில் திணறும் சப்வூஃபர் காரில் மார்பைத் தட்டுவது இதனால்தான். காது பத்திரம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து முடித்தான். நானும் உட்கார்ந்து கேட்டேன், திருவிழாத் தவில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. போன வாரம் மறுபடியும் போன், தென்மலையிலிருந்து.

"மாமா, பேஸ் திரும்பப் போயிட்டு. காயில் கருகிட்டோ?"

"பின்சீட்ட மடிச்சிருக்கியா?"

"ஆமா. ஏத்தன் தாரு ரெண்டு வாங்கினேன், டிக்கியில நீளம் பத்தல."

"தார இறக்கி வீட்டுல போட்டுட்டு, சீட்ட நிமித்திட்டுக் கேளுடே."