ஊர் எந்தப் பக்கம் வளரும்?

காட்டுத்தீ பரவுவதும் நகரம் பரவுவதும் ஒன்றுதான் என்றால் கேட்கவே நன்றாக இருக்காது. ஆனால் அமெரிக்கப் புவியியலாளர் கீத் கிளார்க் 1990களில் உருவாக்கிய 'ஸ்லூத்' என்ற நகர வளர்ச்சி மாதிரி, காட்டுத்தீயைக் கணிக்க அவர் எழுதிய நிரலின் வாரிசுதான். தீ பக்கத்து மரத்தைப் பற்றும். சில சமயம் ஒரு பொறி பறந்து தள்ளிப் போய் விழும். ஊரும் அப்படித்தான் வளர்கிறது.

முதலில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இதை ஓட்டிப் பார்த்தார்கள். வரைபடத்தைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டுபோலச் சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு சதுரத்தில் கட்டடம் இருக்கும், அல்லது இருக்காது. கணினி ஒரு சுற்று ஓடினால் ஒரு வருடம் போயிற்று என்று கணக்கு.

ஒவ்வொரு சுற்றிலும் நான்கு விதமாக வளர்ச்சி நடக்கும். எங்கோ வெட்டவெளியில் ஒரு வீடு முளைக்கலாம். அதைச் சுற்றி இன்னும் சில சேர்ந்து புதுக் குடியிருப்பாகலாம். ஏற்கெனவே உள்ள ஊரின் ஓரம் தடிக்கலாம். நான்காவதுதான் எனக்குப் பிடித்தது: புதிதாக முளைத்த சதுரம் அருகில் சாலை இருக்கிறதா என்று தேடும், இருந்தால் அதன் வழியாகக் கொஞ்ச தூரம் நடந்து, நின்ற இடத்தில் புது வளர்ச்சிக்கு விதை போடும். பைபாஸ் போட்ட கையோடு டீக்கடை, பஞ்சர் கடை, அப்புறம் 'மனைகள் விற்பனைக்கு' பலகை என்று வரிசையாக வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இவை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை ஐந்து எண்கள் முடிவு செய்கின்றன. சிதறல், புது மையம் உருவாதல், ஓரத்தில் பரவுதல், மேட்டுச் சரிவு தரும் தடை, சாலையின் ஈர்ப்பு என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பு உண்டு. சரி, ஒரு ஊருக்கு எந்த ஐந்து எண்கள் பொருந்தும்? அதைப் பழைய வரைபடங்களிடம்தான் கேட்க வேண்டும். பழைய ஆண்டிலிருந்து மாதிரியை ஓடவிட்டு, பின்னால் உண்மையில் வந்த ஊரோடு ஒப்பிடுவார்கள். மாதிரி 100 சதுரங்களில் கட்டடம் காட்டுகிறது, நிஜத்திலும் 100 சதுரங்கள், ஆனால் இரண்டும் ஒத்துப்போவது 60-இல் மட்டும் என்று வையுங்கள். ஒத்துப்போன 60-ஐ ஒருமுறை மட்டும் எண்ணி இரண்டையும் சேர்த்தால் 140 சதுரங்கள். 60-ஐ 140-ஆல் வகுத்தால் மதிப்பெண் 0.43. அவ்வளவு கம்மி!

எல்லா எண்களையும் சோதித்தால் 1,051 கோடி சேர்க்கைகள் வரும். ஆகவே முதலில் 0, 25, 50 என்று தாவித் தாவி 3,125 சேர்க்கைகளைப் பார்த்து, நல்ல மதிப்பெண் வந்த இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்பார்கள். எண்கள் கிடைத்த பிறகு எதிர்காலத்தை நோக்கிப் பலமுறை ஓட்டுவார்கள். நூறு ஓட்டத்தில் எண்பதில் ஒரு சதுரம் கட்டடமானால், அங்கே கட்டடம் வரும் வாய்ப்பு 80 சதவீதம்.

கவனியுங்கள், இதில் மனிதர்களே இல்லை. நிலத்தின் விலை, வேலை, வீட்டுக் கடன் எதுவும் மாதிரிக்குத் தெரியாது. ஊரின் பழக்கம் மட்டும்தான் தெரியும். பழக்கம் மாறினால் கணிப்பும் பொய்த்துப்போகும்.

அப்படியானால் திட்டமிடுபவருக்கு இதனால் என்ன லாபம்? மாதிரிக்குக் கொடுக்கும் வரைபடங்களில் ஒன்று விலக்கு வரைபடம். ஏரி, காப்புக்காடு போன்ற, கட்டடம் வரவே கூடாத இடங்களுக்கு அதில் 100. தடையில்லாத இடங்களுக்கு 0. இரண்டுக்கும் இடைப்பட்ட எந்த எண்ணையும் போடலாம். வாஷிங்டன்–பால்டிமோர் பகுதியை 2030 வரை கணித்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, அருகிலுள்ள செசபீக் என்ற கடல் விரிகுடாவுக்குப் போகும் நீரின் தரத்தை மனதில் வைத்து மூன்று எதிர்காலங்களை வரைந்தது: இப்போதுபோலவே போனால், வளர்ச்சியை ஒழுங்குபடுத்தினால், சூழலை முன்னிறுத்தினால். மூன்றுக்கும் முக்கிய வேறுபாடு, விலக்கு வரைபடத்தில் எந்த நிலத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு கொடுத்தார்கள் என்பதில்தான் இருந்தது. அந்த எண்ணைக் கணினி கண்டுபிடிக்காது. யாராவது உட்கார்ந்து எழுதித்தான் கொடுக்க வேண்டும்.