அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை

"பழைய இங்கிலாந்து லேத் (கடைசல் மெஷின்) ஒன்று விலைக்கு வருகிறது. அங்குலக் கணக்கு மெஷின் என்கிறார்கள். அதில் எம்எம் மரை போட முடியுமா? வாங்கலாமா?" என்று திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக வாங்குங்கள். என்னிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான். நாட்டிங்ஹாம் பக்கம் பீஸ்டன் என்ற ஊரில் செய்த மைஃபோர்ட் எம்எல்7. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பொழுதுபோக்குக்காக இரும்பு வேலை செய்பவர்களை மனதில் வைத்து வந்த மாடல். கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். முன்பு அதை ஓட்டிய வயதான டர்னர் அன்று கடையில் இருந்தார். "நல்ல மெஷின் கண்ணு. எம்எம் மரை மட்டும் இதுக்கு ராசியில்லை" என்றார்.

துரு எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழற்றக் கூடியதையெல்லாம் கழற்றி டீசலில் ஊறப்போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தேன். சின்ன உருப்படிகளைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையை உருப்படியிலும் பிளஸ் முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் கொடுத்தால் துரு உதிர்ந்துவிடும். தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, நச்சான குரோமியம் உப்பு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், லேத்தின் பெட்டில், அதாவது மற்ற பாகங்கள் நகரும் அடித்தளத்தில், தயவுசெய்து கிரைண்டரை வைக்காதீர்கள். அந்தச் சமதளம் போனால் லேத்தே போனமாதிரி.

இப்போது மரைக்கு வருவோம்.

மரை வெட்டும்போது கம்பி ஒரு சுற்று சுற்றுவதற்குள் வெட்டும் உளியான டூல் ஒரு குறிப்பிட்ட தூரம் நகர வேண்டும். டூலை நகர்த்துவது லேத்தின் நீளத்துக்கு ஓடும் லீட் ஸ்க்ரூ. கம்பியைச் சுற்றும் ஸ்பிண்டிலையும் லீட் ஸ்க்ரூவையும் பல்சக்கரங்கள் இணைக்கின்றன. சக்கரத்தை மாற்றினால் மரையின் இடைவெளி மாறும். 1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி இந்த அமைப்பை இரும்பில் உறுதியாகச் செய்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

என் லேத்தின் லீட் ஸ்க்ரூவில் ஓர் அங்குலத்துக்கு 8 மரை. நம் ஆசாரிமார் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம் இல்லையா? அதாவது லீட் ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றினால் டூல் சரியாக ஒரு நூல் நகரும். அங்குலத்துக்கு 16 மரை வேண்டுமென்றால் லீட் ஸ்க்ரூ பாதி வேகத்தில் சுற்றினால் போதும். ஸ்பிண்டிலில் 30 பல், லீட் ஸ்க்ரூவில் 60 பல். முடிந்தது.

எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். ஒரு நூல் என்பது 3.175 மில்லிமீட்டர். இரண்டும் ஒட்டாத எண்கள் போலத்தான் தெரியும். ஆனால் 3.175 என்பது 127-ஐ 40-ஆல் வகுத்தால் வருவது. ஸ்பிண்டிலில் 60 பல்லும் லீட் ஸ்க்ரூவில் 127 பல்லும் மாட்டினால், 60/127 பெருக்கல் 127/40. மேலும் கீழும் 127 அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது 60/40, அதாவது துல்லியமாக 1.5! முதல்முறை இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எழுந்து வீட்டுக்குள் நடந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

5 அங்குலம் என்பது 127 மில்லிமீட்டர். 127 பகா எண் என்பதால் சின்னச் சக்கரங்களைச் சேர்த்து அதை உண்டாக்க வழியே இல்லை. இன்னொரு விஷயம், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று எப்போதும் இருந்ததில்லை. அமெரிக்க அங்குலம் அதைவிட ஒரு துளி பெரிது, பிரிட்டிஷ் அங்குலம் ஒரு துளி சிறிது. ஸ்வீடன்காரரான யோஹான்சன் தன் அளவுக் கட்டைகளுக்கு 25.4-ஐ எடுத்துக்கொண்டார், தொழிற்சாலைகள் பின்தொடர்ந்தன, 1959-இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. பட்டறை முதலில், அரசாங்கம் அப்புறம்.

127 பல் சக்கரம் என் லேத்தின் மூடிக்குள் அடங்காது. அதனால் 63, 80 பல் சக்கரங்களைத் தனியாக வெட்டி வாங்கினேன். 63-க்கு 80, அதோடு 30-க்கு 50 என்று மாட்டினால் கிடைப்பது 1.5002 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் உயர நட்டுக்குள் சேரும் பிழை ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல், தலைமுடிக் கனத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு.

சரி, ராசி? மரையை ஒரே வெட்டில் போட முடியாது, எட்டுப் பத்து முறை ஓட்ட வேண்டும். அங்குல மரையில் ஒவ்வொரு முறையும் லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறந்து, டூலைக் கையால் பின்னுக்கு இழுத்து, மறுபடி மூடுவது வழக்கம். ஹாஃப் நட் ஒரு நூல் இடைவெளிகளில்தான் கவ்வும். 16 மரைக்கு ஒரு நூலில் சரியாக இரண்டு மரை, ஆகவே எங்கே கவ்வினாலும் டூல் பழைய பள்ளத்திலேயே விழும். 1.5 மில்லிமீட்டர் மரையோ 60 நூலுக்கு ஒருமுறைதான் பொருந்தும். ஏழரை அங்குலத்தில் 127 மரை. மறுபடியும் அதே 127! வேறெங்கே கவ்வினாலும் டூல் பழைய பள்ளத்தை விட்டு விலகி மரையைச் சிதைத்துவிடும். அந்தப் பெரியவரின் ராசி இதுதான்.

நானும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறவன்தான், சோறு போடும் கருவிக்குச் செய்யும் மரியாதை அது. மெஷின்மேல் ராசிப் பழி போடுவது வேறு, கணக்கைத் தேட வேண்டிய இடத்தில் தேடலை நிறுத்திவிடுகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்குக் கணினியால் இயங்கும் சிஎன்சி மெஷின் வாங்கப் பணம் ஒதுக்கும்போது பழைய லேத்தையும் ஒன்று விட்டுவைக்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். இந்தக் கணக்கைக் கையால் தொட்டுப் பார்க்க வேறு இடம் இல்லை.

எம்எம் மரை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்காதீர்கள். டூலை வெளியே இழுத்து, ஸ்பிண்டிலை எதிர்ப்பக்கம் சுற்றித் தொடக்கத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவாருங்கள், பற்களுக்கு இடையே உள்ள ஆட்டம் அடங்கிவிடும். மைஃபோர்டில் கம்பியைப் பிடிக்கும் சக்கும் ஸ்பிண்டிலில் மரையில்தான் ஏறியிருக்கிறது, மோட்டாரைச் சட்டென்று எதிர்ப்பக்கம் ஓட்டினால் கழன்று வரலாம். நான் ஸ்பிண்டிலின் பின் துளையில் ஒரு கைப்பிடி மாட்டிக் கையாலேயே சுற்றுகிறேன்.

முதல் எம்10 போல்ட்டை அந்தப் பெரியவரிடமே கொண்டுபோனேன். கடையில் வாங்கிய நட்டை ஒரு விரலால் தட்டிவிட்டார், அது கடைசிவரை தானாக ஓடியது. திருப்பி ஓட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எத்தனை பல்லு மாட்டுன கண்ணு?" என்றார்.