உளப்புண்: ‘ட்ரௌமா’வுக்குத் தமிழில் என்ன பெயர்?

ட்ரௌமா கிரேக்கச் சொல். அங்கே அதற்குப் புண் என்பதே பொருள். வாள் பட்டாலும் வேல் பட்டாலும் ட்ரௌமாதான். பெரிய மருத்துவமனைகளில் விபத்துக் காயங்களைக் கவனிக்கும் பிரிவுக்கு இன்றும் அந்தப் பெயர் இருப்பது அதனால்தான். உள்ளத்தில் பட்ட அடிக்கு அது பெயரானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மலாய்மொழி அதை ‘த்ராவுமா’ என்று அப்படியே எடுத்துக்கொண்டது. நாம் அதிர்ச்சி, மன உளைச்சல், மன அழுத்தம் என்று மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். மூன்றும் போதாது. லாட்டரியில் பரிசு விழுந்தாலும் அதிர்ச்சிதான்; தேர்வுக்கு முதல் நாள் பிள்ளைக்கு வருவதும் மன அழுத்தம்தான்.

இந்தச் சொல்லின் தேவையை உணர மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பொருத்தமான ஊர். 1948 ஜூன் 16 அன்று காலை, ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைமார்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960இல் முடிந்தது என்பது பாடப்புத்தகக் கணக்கு. 1968இல் மீண்டும் மூண்ட காட்டுப் போர் 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹட்யாய் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில்தான் ஓய்ந்தது. அந்த ஆண்டுகளில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் சிலரும் பட்டாளத்துக்குப் போனார்கள். மலாய் ரெஜிமென்டில் மலாய்க்காரர்களுக்கு மட்டுமே இடம். ஆகவே எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொள்ளும் ரெஞ்சர் படையிலும், சமிக்ஞை, பொறியியல், மருத்துவப் பிரிவுகளிலும் சேர்ந்தார்கள்.

கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. அதுவரை சாலை போட்டவர்களுக்கு ராணுவம் காவல் நின்றது. அந்தத் தாய்லாந்து எல்லைக் காடுகளில் துப்பாக்கியைவிட அதிகம் அஞ்சப்பட்டது ‘ஜெராங்காப் சமார்’ என்னும் மறைகண்ணி. சருகுக்கு அடியில் கிடக்கும்; கால் வைத்தால் கால் போகும். ஒவ்வோர் அடியையும் சந்தேகப்பட்டு நடக்கப் பழகியவனுக்கு, ஊர் திரும்பிய பிறகு பழைய நடையைக் கற்றுத் தர ஆளில்லை.

அப்படி நடந்த ஒருவர் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். காப்பிக் கடையில் சுவரோரம், வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். அந்த மேசையில் வேறு ஆளிருந்தால் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போய்விடுவார். கோயிலுக்குத் திடலைக் கடந்தால் இரண்டு நிமிடம். அவர் புல்லை மிதிக்காமல் தார்ச்சாலையைச் சுற்றித்தான் வருவார். தீபாவளிக்கு முதல் நாளே கதவு சன்னல்களைச் சாத்தி, வானொலியை உரக்க வைத்துவிடுவார். பட்டாளத்துக்காரர் அப்படித்தான் என்று ஊர் அதோடு விட்டுவிட்டது. (பட்டாளம் என்பதும் பட்டாலியன் வழி வந்த ஐரோப்பியச் சொல்தான். நம் வாயில் புழங்கி நமதாகிவிட்டது. அதைத் திருத்தப் புறப்படுவது வீண் வேலை.)

அவர் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் கடுகும் காய்ந்த மிளகாயும் சுற்றி நெருப்பில் போடுகிறார். முனீஸ்வரர் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டியும் இருக்கிறார். “காட்டில் ஏதோ அடித்துவிட்டது தம்பி” என்பதுதான் அவர் சொல்லும் நோய்ப் பெயர். மருத்துவமனை என்று யாராவது வாயெடுத்தால் பேச்சு நின்றுவிடும். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. அந்த ஊர்ப் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பிறகு யார் அங்கே போவார்கள்?

அந்த அம்மாவின் கடுகை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அது மிகப் பழைய வைத்தியம். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். போரில் புண்பட்ட வீரன் உள்ளே கிடக்கிறான். வீட்டுக் கூரை விளிம்பில் இரவ மரத்து இலையோடு வேப்பிலை செருகியிருக்கிறார்கள். யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன. ஐயவி சிதறி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி, “காக்கம் வம்மோ காதலம் தோழீ” என்று மனைவி தோழியை அழைக்கிறாள். எதற்காகக் காக்க வேண்டும்? புண்பட்டவனைப் பேய் அண்டும் என்ற அச்சம். தொல்காப்பியம் இதைத் ‘தொடாஅக் காஞ்சி’ என்று ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. ஐயவி என்றால் வெண்கடுகு.

புண் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் இரண்டு தரம் இருந்தது. மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண். அது படாத நாளெல்லாம் வீணான நாள் என்று கணக்கிடுவான் வீரன் என்கிறது 776ஆம் குறள். முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். எய்த வேல் ஊடுருவி முதுகில் வெளிவந்த புண் என்று உரைகாரர்கள் அவனுக்காக வாதாடியும் அவன் நாணம் தீரவில்லை. கண்ணுக்குத் தெரியாத புண்ணை இந்த இரண்டில் எதில் சேர்ப்பது? சொல்லாமலே அதைப் புறப்புண் பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்பதே என் எண்ணம். படைவீரர்கள் வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தரம் பிரிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ (குண்டுவெடிப்பு அதிர்ச்சி) என்ற பெயரை மருத்துவ இதழில் அச்சேற்றினார். பிரிட்டிஷ் ராணுவம் உடனே அதை இரண்டாக வெட்டியது. குண்டு அருகில் வெடித்து அதனால் நிலைகுலைந்தவன் பெயருக்கு ‘டபிள்யூ’ என்ற எழுத்து. அவன் காயம்பட்டவன், சட்டைக் கையில் காயப் பட்டை அணியலாம். வெடிக்காமலே நிலைகுலைந்தவனுக்கு ‘எஸ்’. அவன் வெறும் நோயாளி, பட்டையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அந்தப் போரில் படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தம் ராணுவத்தாலேயே சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்புக் கிடைத்தது. அவர்களில் எத்தனை பேர் ‘எஸ்’ஸோ! வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் போராடிய பிறகு, 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவக் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (போஸ்ட் ட்ரௌமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர், ட்ரௌமாவுக்குப் பின் வரும் அழுத்தநோய்) என்ற பெயர் ஏறியது. கொடுங்கனவு, பழைய காட்சி கண்முன் மீளுதல், அதை நினைவூட்டும் இடங்களை விலக்குதல், எப்போதும் விழிப்பு, சிறு ஓசைக்கும் துள்ளுதல்: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அந்த நோய். பேச்சு வழிச் சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் அது கட்டுப்படும்.

இதற்கு நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. ஈழத்து உளமருத்துவர்கள், தயா சோமசுந்தரம் போன்றோரின் எழுத்து வழியே, போரின் நடுவே ‘மனவடு’ என்ற சொல்லைப் பரவலாக்கினார்கள். பி.டி.எஸ்.டி.யை ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என்கிறார்கள். அழகான சொல், அடிபட்டவர்களிடையே பிறந்த சொல். ஆனால் எனக்கு இரண்டு தடை. வடு என்பது புண் ஆறியபின் நிற்கும் தழும்பு. அதற்கு வைத்தியம் கிடையாது. நாவினால் சுட்ட வடு ஆறாது என்று படித்து வளர்ந்தவனிடம் ‘உனக்கு மனவடு’ என்றால் ‘ஆறாது’ என்றே காதில் விழும். மேலும் வடுவுக்குக் குற்றம், பழி என்ற பொருளும் உண்டு. “வடுவன்று வேந்தன் தொழில்” என்ற குறளில் அதுதான் பொருள். நாணத்தில் ஒடுங்கிக் கிடப்பவருக்கு அந்தப் பொருள் வேண்டாம்.

மனப்புண்? ‘என் மனம் புண்பட்டது’ என்று கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனவர்களும் சொல்கிறார்கள். உளக்காயம் பிழையில்லை, கேட்டதும் புரியும். எனினும் விழுப்புண்ணோடு உறவு கொண்டாடும் சொல் உளப்புண்தான். புண் என்றால் மருந்திடலாம், ஆறும். போரில் பட்டது என்று சொல்ல வேண்டுமானால் ‘போர் உளப்புண்’ எனலாம். விழுமம் என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் சிறப்பையும் சொல்கிறது, இடும்பை என்னும் துன்பத்தையும் சொல்கிறது. அரிசில்கிழாரும் அந்தப் புண்பட்ட வீரனை “வேந்துறு விழுமம் தாங்கிய” நெடுந்தகை என்கிறார். இரண்டையும் ஒருவன் தாங்கலாம் என்பது பழைய தமிழுக்குத் தெரிந்திருக்கிறது.

வெட்டரன் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. ‘பழைய’ என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதை நம்பிச் சிலர் ‘மூத்த வீரர்’ என்று எழுதுகிறார்கள். முப்பத்தைந்து வயதில் படையை விட்டு வந்தவரும் வெட்டரன்தான். முன்னாள் படைவீரர் என்பதே சரி.

எழுதும்போது: ‘போர் உளப்புண் உள்ள முன்னாள் படைவீரர்’ என்க. ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’ வேண்டாம்; அது எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் பூசிவிடும். நோயின் முழுப் பெயர் தேவைப்படும் மருத்துவக் குறிப்பில் ‘உளப்புண் வழி அழுத்தநோய்’ என்று எழுதலாம். அந்த அம்மாவிடம் பேசும்போது இவ்வளவு தேவையில்லை. “அக்கா, அண்ணனுக்கு உள்ளே புண் இருக்கிறது, வைத்தியம் உண்டு” என்றால் அவருக்குப் புரியும். கடுகையும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.