கலைந்ததும் கலைத்ததும்: ‘அபார்ஷன்’ சொல் விளக்கம்

மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு தோழி என்னிடம் நீட்டினாள். ஆசையாகச் சுமந்த பத்து வாரக் கரு அது. ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொல்லி, சுத்தம் செய்து அனுப்பியிருந்தார்கள். தாளில் ‘மிஸ்டு அபார்ஷன்’ என்று எழுதியிருந்தது. “நான் எங்கடி அபார்ஷன் பண்ணினேன்? இதைப் படிச்சா அவங்க வீட்ல என்ன நினைப்பாங்க?” என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல நான் இலக்கணத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது.

லத்தீனில் ‘ஓரிரி’ என்றால் எழுதல், உதித்தல். கீழ்த்திசையைக் குறிக்கும் ‘ஓரியண்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். சூரியன் உதிக்கும் பக்கம். அதன் முன்னால் ‘விலகி’ என்று பொருள்படும் ‘அப்’ சேர்ந்தால் ‘அபோரிரி’. உதிக்காமலே மறைந்து போதல். யாரோ செய்தது என்ற வாடையே மூலச்சொல்லில் கிடையாது. கரு தானாக அழிந்தாலும் ‘அபார்ஷன்’தான், மருந்து கொடுத்து வெளியேற்றினாலும் ‘அபார்ஷன்’தான். மருத்துவர்கள் இன்றுவரை அந்தப் பழைய பொருளிலேயே எழுதுகிறார்கள். ஊருக்குள் மட்டும் சொல் சுருங்கி, வேண்டுமென்று செய்துகொள்வதற்கே உரியதாகிவிட்டது. ஒரே தாளை மருத்துவர் ஒரு மொழியிலும் நோயாளி வேறொரு மொழியிலும் படிக்கிறார்கள்.

கர்ப்பிணியின் கேஸ் ஷீட்டில் ‘ஜி3 பி1 எல்1 ஏ1’ என்று ஒரு வரி இருக்கும். இது மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது, ஒரு குழந்தை உயிரோடு இருக்கிறது, ஒன்று அபார்ஷன். அந்த ‘ஏ’ தானாக நேர்ந்ததா, செய்துகொண்டதா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. இந்தக் குழப்பம் ஆங்கிலம் பேசுபவர்களையும் உறுத்தத்தான் செய்தது. 1985-இல் பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர்கள் சிலர் லான்செட் மருத்துவ இதழில், தானாகக் கரு அழிந்த பெண்ணிடம் ‘அபார்ஷன்’ என்று சொல்லாதீர்கள், ‘மிஸ்கேரேஜ்’ என்று சொல்லுங்கள் என்று எழுதினார்கள். மெல்ல மெல்லத்தான் அது வழக்கத்துக்கு வந்தது.

தமிழுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்கவே வேண்டாம். நம்மிடம் தன்வினை, பிறவினை என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மேகம் கலைகிறது, தூக்கம் கலைகிறது. கூட்டத்தைக் கலைக்கிறார்கள், சட்டமன்றத்தைக் கலைக்கிறார்கள். கலைதல், கலைத்தல். பெயர்ச்சொல்லாக்கினால் கலைவு, கலைப்பு. சிதைதல், சிதைத்தல் என்ற இணையும் அப்படியே: சிதைவு, சிதைப்பு. ‘வு’ வந்தால் தானாக, ‘ப்பு’ வந்தால் ஒருவர் செய்ய. ஒற்றுகூட இதற்கு ஒத்துழைக்கிறது. ‘கரு கலைந்தது’ என்னும்போது கரு எழுவாய், ஒற்று மிகாது. ‘கருவைக் கலைத்தார்கள்’ என்னும்போது கரு செயப்படுபொருள், க் மிகுகிறது.

பேச்சில் வேறுபாடு இன்னும் சின்னது. ‘கலைஞ்சிடுச்சு’, ‘கலைச்சிட்டா’. நடுவில் ஞ, ச என்ற ஓர் எழுத்துதான் மாறுகிறது. குடும்பங்களில் இந்த ஓர் எழுத்து செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்துக் கலைத்ததை, வெளியே கேட்பவரிடம் ‘தங்கலைங்க, கலைஞ்சிடுச்சு’ என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். தன்வினை அவர்களுக்கு ஒரு திரை. எதிர்ப்பக்கமும் உண்டு. உண்மையிலேயே கலைந்துபோய்ச் சுருண்டு படுத்திருப்பவளிடம் ‘மாத்திரை ஏதும் போட்டுக் கலைச்சியா?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால், அந்த ‘ச்’ ஆயுசுக்கும் மறக்காது. என் தோழி பயந்தது அந்த எழுத்துக்குத்தான்.

‘கருச்சிதை’ என்ற ஆட்சி நமக்குச் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. புறநானூறு 34-இல் ஆலத்தூர் கிழார், ‘மாணிழை மகளிர் கருச்சிதைத் தோர்க்கும்’ என்கிறார். சிதைத்தோர், பிறவினை. பசுவின் மடியை அறுத்தவரோடு சேர்த்து, பெரும் பாவம் செய்தவர் வரிசையில்தான் இவர்களை வைக்கிறார். ஆனால் அந்தப் பாவங்களுக்கெல்லாம் கழுவாய் (பரிகாரம்) உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்குத்தான் உய்வே இல்லை என்று பாட்டைக் கொண்டுபோகிறார். பாவம் என்கிறார், மீட்சி இல்லாத பாவம் என்று சொல்லவில்லை. இந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்தி மேற்கோள் காட்டுபவர்கள் கழுவாயை வசதியாக விட்டுவிடுவார்கள்.

மற்ற சமயங்களின் சொற்களும் கவனிக்கத்தக்கவை. ‘டிடாக்கே’ என்ற தொடக்கக் காலக் கிறித்தவ நூல் கருக்கலைப்பைத் தடைசெய்யும் இடத்தில் ஆளும் கிரேக்கச் சொல் ‘ஃப்தோரா’. அழிவு, சிதைவு என்று பொருள். வடமொழி தர்ம நூல்கள் ‘பிரூணஹத்யா’ என்று நேரடியாகக் கொலைச் சொல்லையே போட்டுவிட்டன. அதே மொழியின் ஆயுர்வேதமோ குரலை உயர்த்தாமல், நான்கு மாதம் வரை ‘கர்ப்பஸ்ராவம்’ (ஒழுகல்), அதற்கு மேல் ‘கர்ப்பபாதம்’ (விழுதல்) என்று மாதக்கணக்கில் பிரித்தது. இஸ்லாமியச் சட்டத்திலும் கணக்கு முக்கியம். 120 நாளில் கருவுக்குள் உயிர் ஊதப்படுகிறது என்ற நபிமொழியை வைத்து, அதற்கு முன், அதற்குப் பின் என்று அறிஞர்கள் வாதிட்டு வந்திருக்கிறார்கள்.

சட்டம் சொல்லைக் கையாண்ட விதம் வேடிக்கை. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு ‘மிஸ்கேரேஜை உண்டாக்குதல்’ என்றது. தன்வினையை எடுத்து அதன் தலையில் ‘உண்டாக்குதல்’ என்று ஒரு பிறவினையைக் கட்டியது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவு. 1971-இல் வந்த சட்டமோ ‘அபார்ஷன்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே தவிர்த்து, ‘மருத்துவ முறையில் கர்ப்பத்தை முடித்தல்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. நாம்தான் தமிழில் அதை ‘மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம்’ என்று திறந்து சொல்கிறோம். 2021 திருத்தத்தில் ‘கணவர்’ என்றிருந்த ஓரிடத்தில் ‘துணைவர்’ என்று மாற்றினார்கள். அந்த ஒரு சொல்லும் சேர்ந்துதான், மணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை இந்த வழி உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல இடம் கொடுத்தது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பது 1971 முதலே சட்டம். ஆனாலும் ‘ஹஸ்பெண்ட் வந்து கையெழுத்துப் போடணும்’ என்ற குரல் கவுண்ட்டர்களில் ஓய்ந்தபாடில்லை.

காப்பீட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் ‘விலக்கு 18’ என்று ஒரு நிலையான வாசகம் உண்டு. விபத்தால் நேராத கருச்சிதைவுக்கும், சட்டப்படியான கருக்கலைப்புக்கும் பணம் தரமாட்டோம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறது. மகப்பேறுக்கென்று தனியாக எடுத்தால்தான் பேச்சு. எனவே அங்கே ‘வு’வா ‘ப்பு’வா என்று மல்லுக்கட்டிப் பயனில்லை. 1961 மகப்பேறு நலச் சட்டமும் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்த்தது, ஆனால் கொடுக்கும் பக்கமாக: எதுவானாலும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1976-இல் வந்த ஹைட் திருத்தம், தாயின் உயிருக்கு ஆபத்து, வன்புணர்வு, தகாத உறவு என்ற விதிவிலக்குகள் தவிர, கூட்டரசுப் பணத்தைக் கருக்கலைப்புக்குத் தரக்கூடாது என்கிறது; அந்த விதிவிலக்குகளும் அவ்வப்போது மாறி வந்தவை. எனவே பில்லில் எந்தக் குறியீடு விழுகிறது என்பதில்தான் பணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் தானாக நேர்ந்ததற்கு ஓ03, மருத்துவர் செய்ததற்கு ஓ04, எதுவென்று சொல்லப்படாததற்கு ஓ06. அந்த மூன்றாவது எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், சங்கடமும் வரும்.

அரசியல் மேடையில் ‘ப்ரோ-லைஃப்’, ‘ப்ரோ-சாய்ஸ்’ என்று இரு தரப்பும் தமக்குத் தாமே பட்டம் கட்டிக்கொண்டிருக்கின்றன. ‘உயிர் ஆதரவாளர்’ என்று தமிழாக்கினால் எதிர்த்தரப்பு உயிரை வெறுப்பதுபோல் ஆகிவிடும். ‘கருக்கலைப்பு எதிர்ப்பாளர்’, ‘கருக்கலைப்பு உரிமை ஆதரவாளர்’ என்று எழுதிவிட்டால் வம்பில்லை. துண்டறிக்கைகளில் ‘கருக்கொலை’ என்று பார்க்கலாம். கலையின் ‘க’வைக் ‘கொ’ ஆக்கினால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சொற்களைப் பிரிப்பது எளிது. உடல் அப்படிப் பிரிந்து நிற்காது. 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் மருத்துவருக்கு 17-ஆவது வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. கரு பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. சிதைவு தொடங்கிவிட்ட நிலையில், முடித்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்தார்கள். சீழ்த்தொற்று பரவி அக்டோபர் 28 அன்று இறந்தார். ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2018 மே 25 பொதுவாக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள் கருக்கலைப்புத் தடைக்கு அடிப்படையாக இருந்த அரசியலமைப்புத் திருத்தத்தை நீக்கினார்கள். ‘சிதைவு’ நடந்துகொண்டிருக்கும்போது ‘கலைப்பு’ மட்டும்தான் தாயைக் காக்கும் என்ற நிலையும் வரும். இரண்டுக்கும் கொடுக்கும் மாத்திரைகளும் கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி-யும் பெரும்பாலும் ஒன்றுதான்.

இனி எதை எழுதலாம்? தானாக நேர்ந்தால் கருச்சிதைவு. கருக்கலைவு என்றாலும் பிழையில்லை. செய்தால் கருக்கலைப்பு. செய்தித்தாள்கள் சில சமயம் இரண்டுக்கும் கருச்சிதைவு என்றே போடுகின்றன. நாசூக்கு என்று நினைத்துப் போடுவார்கள் போலும், எனக்கு உடன்பாடில்லை. ‘த்ரெட்டன்ட் அபார்ஷன்’ என்பதை ‘அச்சுறுத்தும் கருக்கலைப்பு’ என்று யாரோ மிரட்டுவதுபோல் மொழிபெயர்க்காமல், ‘கருச்சிதைவு அபாயம்’ எனலாம். பிறந்த குழந்தையைக் கொல்வதுதான் சிசுக்கொலை. பெண் கரு என்று அறிந்து கலைப்பதை அந்தப் பெயரில் எழுதக்கூடாது.

‘மிஸ்டு அபார்ஷன்’ தனிக் கதை. கரு உயிரிழந்தும் கருப்பைக்கு அது தெரியாமல் உள்ளேயே வைத்திருப்பதைக் குறிக்கும் பெயர். ‘தவறிய கருக்கலைப்பு’ என்றால், கலைக்க முயன்று முடியாமல் போனது என்றல்லவா ஆகும்! தோழியின் தாளுக்கு அடியில் பென்சிலால் ‘வெளியேறாத கருச்சிதைவு’ என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வேறொரு மருத்துவரிடம் போனவள் அங்கே நிரப்பக் கொடுத்த படிவத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். ‘முன்பு அபார்ஷன் ஆனதுண்டா?’ என்ற கேள்விக்கு எதிரே ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் ‘தானா கலைஞ்சது’ என்று எழுதியிருந்தாள்.