காணிக்கை என்று சொல்லி விற்கும் சிலுவை

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் எங்கள் வங்கியின் நகைக்கடன் மேஜையில் கூட்டம் தாங்காது. அப்படி ஒரு திங்கட்கிழமை, ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மா ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தார். மகளின் காலேஜ் ஃபீஸுக்குப் பணம் வேண்டும். ஒரு ஜோடி கம்மல், மெல்லிய சங்கிலி ஒன்று, அதில் கோத்த சிலுவை டாலர். இவ்வளவுதான் கொண்டுவந்திருந்தார்.

கம்மல் சரி. சங்கிலியும் சரி. சிலுவையை உரைகல்லில் இரண்டு மூன்று முறை இழைத்தேன். கோடு மஞ்சளாகத்தான் விழுந்தது. அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் வைத்தேன். நல்ல தங்கமாக இருந்தால் கோடு அசையாமல் நிற்கும். இது பச்சையாக நுரைத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழிந்துபோனது. அவரைக் கேட்டுக்கொண்டு, வளையத்துக்குப் பின்னால் அரத்தால் லேசாக ஒரு தேய்ப்பு தேய்த்தேன். உள்ளே பித்தளை.

“அது ஜெபம் பண்ணிக் குடுத்தது சார். அஞ்சாயிரம் குடுத்து வாங்கிகினேன்” என்றார்.

பில் இருக்கிறதா என்று கேட்டேன்.

“பில்லு எதுவும் தரலை சார். காணிக்கைன்னு சொல்லித்தான் வாங்கினாங்க.”

அந்தக் ‘காணிக்கை’ என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக வேலூரில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். அதற்கு முன்னால் அப்பாவின் பட்டறையில் ஊதுகுழல் பிடித்தவன். எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். சிலுவை செய்து விற்று, அந்தச் செய்கூலியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் சிலுவையை விற்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. உலோகத்துக்கு விலை உண்டு, கை வேலைக்குக் கூலி உண்டு. இந்த இரண்டுக்கும் மேலே, ‘இதில் ஜெபம் இருக்கிறது’ என்று சொல்லி ஒரு தொகை வாங்குகிறார்களே, அங்கேதான் தொழில் முடிந்து மோசடி தொடங்குகிறது.

காணிக்கை என்று சொல்லிவிட்டால் என்ன ஆகிறது பாருங்கள். பில் தர வேண்டாம். எடை சொல்ல வேண்டாம், தங்கத்தின் மாற்று எவ்வளவு என்று தரம் சொல்ல வேண்டாம். நாளைக்குப் பித்தளை என்று தெரிந்தால், ‘நாங்கள் நகை விற்கவில்லையே, நீங்கள் ஆண்டவருக்குக் கொடுத்தீர்கள், நாங்கள் ஒரு அடையாளம் தந்தோம்’ என்று சொல்லிவிடலாம். வாங்கியவரும் வாய் திறக்க மாட்டார். கேள்வி கேட்டால் விசுவாசம் குறைந்துபோனதாக ஊர் நினைக்குமோ என்ற பயம் இருக்கும்.

பணம் கொடுத்து ஆவியின் வரத்தை வாங்கப் பார்த்த சமாரியாவின் சீமோனைப் பேதுரு எப்படிக் கண்டித்தார் என்பது பைபிளில் திருத்தூதர் பணிகள் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே புத்தகத்தின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் எங்கள் தொழில்காரர் ஒருவரே வருகிறார். எபேசு நகரத்துத் தெமேத்திரியு. அர்த்தெமி தேவியின் கோயிலைப் போல வெள்ளியில் சின்னக் கோயில்கள் செய்து விற்றவர். பவுலின் போதனையால் வியாபாரம் படுத்துவிடும் என்றதும், தெய்வத்துக்கே அவமானம் என்று சொல்லி ஊரைக் கூட்டிவிட்டார். அப்பா பட்டறையில் இந்தக் கதையை அடிக்கடி சொல்வார். நெருப்பு அணையும் நேரத்தில், வேலையெல்லாம் முடிந்த பிறகு, எங்களுக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொல்வார்.

கத்தோலிக்கர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மந்திரிக்கப்பட்ட, அதாவது சாமியார் ஜெபம் சொல்லி ஆசீர்வதித்த, ஜெபமாலை, சிலுவை, சுரூபம் போன்ற பக்திப் பொருளோடு சேர்ந்து வரும் ஞானப்பலன், அந்தப் பொருள் அழிந்துபோனாலோ விற்கப்பட்டாலோ நின்றுவிடும் என்பது திருச்சபையின் விதி. ‘ஏற்கெனவே மந்திரித்தது’ என்று விலை சொல்லி விற்கிறவர், எதை விற்பதாகச் சொல்கிறாரோ அதை விற்கும் செயலாலேயே இல்லாமல் ஆக்கிவிடுகிறார். கடையில் சிலுவையை வெறும் சிலுவையாக வாங்குங்கள். பங்குக் கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரிடம் நீட்டினால் மந்திரித்துக் கொடுப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853-ல் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே வேரூன்றி, இன்று சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கும் குடும்பங்கள் நம் வட ஆற்காட்டில் நிறைய. அவர்கள் தாலியில் சிலுவையோ, திறந்த வேதாகமமோ இருக்கும். எங்களில் பலருக்குப் புறா வைத்த தாலி. சில பெந்தெகொஸ்தே சபைகளில் தாலி உட்பட நகையே போடுவதில்லை. வெளி அலங்காரம் வேண்டாம் என்று பேதுருவும் பவுலும் எழுதியதைக் காட்டுவார்கள். மகள் கல்யாணத்துக்கு முன்னால் மொத்த நகையையும் விற்றுவிட்டுப் போன ஒரு பெந்தெகொஸ்தே குடும்பத்துக்கு நான்தான் எடை போட்டுக் கொடுத்தேன். அவர்கள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அதையும் நான் மதிக்கிறேன்.

சரி, வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு என் மேஜையிலிருந்து சில விஷயங்கள்.

தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எழுத்தும் எண்ணும் கலந்த எச்யூஐடி குறியீடு இருக்க வேண்டும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் அந்த நகையின் விவரம் வரும். ஆனால் 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சிலுவை டாலர்களில் பெரும்பகுதி என் தராசில் ஒரு கிராம், ஒன்றரை கிராம்தான் நிற்கிறது. பிறந்த குழந்தைக்கு, ஞானஸ்நானத்துக்கு, முதல் நன்மைக்கு என்று நாம் வாங்குவதெல்லாம் இந்த எடைதான். சட்டத்தின் கண் படாத இடத்தில்தான் நம் சிலுவை தொங்குகிறது.

ஒன்றரை கிராம் சிலுவையை 22 காரட் என்று சொல்லி 18 காரட் கொடுத்தால் கால் கிராம் சுத்தத் தங்கம் போச்சு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே சின்ன டாலருக்கும் பில்லில் எடை, காரட், கல் எடை, செய்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கல் வைத்த சிலுவை என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளைக் கல்லையும் சேர்த்து நிறுத்து, மொத்த எடைக்கும் தங்க விலை போட்ட டாலர்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அடகு வைக்கும்போது நாங்கள் கல்லையும் உள்ளே அடைத்த அரக்கையும் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவோம். அப்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது. ‘கேடிஎம்’ என்று சொல்வதைக் கேட்டும் மயங்க வேண்டாம். அது பற்றவைக்கும் பொடியில் காட்மியம் சேர்ப்பதைக் குறிக்கும் பேச்சு. தூய்மைக்குச் சான்று கிடையாது.

‘மெஷினில் வைத்துக் காட்டினார்களே’ என்பார்கள். எக்ஸ்ரே மெஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். முலாம் தடிமனாக இருந்தால் அதுவும் ஏமாறும்.

வெள்ளிச் சிலுவை கறுத்தால் பயப்படாதீர்கள். வெள்ளி கறுக்கத்தான் செய்யும். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கழுத்தில் அரிப்பெடுத்துத் தடிக்கும். கழற்றி வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்து புண்ணாவதை ஆவிக்குரிய சோதனை என்று நினைத்துத் தாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வேலூர் சிகிச்சைக்கு வருகிறவர்களின் ஊர். ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பங்கள் வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகின்றன. மொழி தெரியாது, பணம் கரைந்துகொண்டே இருக்கிறது, உள்ளே ஒரு உயிர் படுத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, இந்தச் சிலுவையைத் தலையணைக்கு அடியில் வைத்தால் கட்டி கரையும் என்றால் யார்தான் மறுப்பார்கள்? மருந்து மற்றும் மாயப் பரிகாரங்கள் விளம்பரச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. புற்றுநோய், சர்க்கரை நோய் போன்றவற்றைத் தாயத்தோ வேறு எந்த அதிசயப் பொருளோ குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம். சிலுவை வடிவத்தில் இருப்பதால் அதற்கு விலக்கு எதுவும் இல்லை. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் கையில் பில் வேண்டும். பில் இல்லாமல் நான் பார்த்த எந்தப் புகாரும் நிற்கவில்லை.

விசுவாசம் என்று எதைச் சொல்கிறேன் என்று கேட்டால், குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பாட்டியைத்தான் சொல்வேன். முப்பது வருடத்துக்கு மேல் போட்டிருந்த சங்கிலி. அதில் ஒரு சின்னச் சிலுவை, முனையெல்லாம் தேய்ந்து வழவழவென்று, நடுவில் இருந்த, இயேசுவின் பாடுபட்ட சுரூபம் ஒரு மேடு அளவுக்குத்தான் தெரிந்தது. பேரன் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். சிலுவையையும் சேர்த்து வைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொன்னேன். பாட்டி கேட்கவில்லை. பல்லால் கடித்துக் கொக்கியைப் பிரித்து, சிலுவையை மட்டும் கழற்றி, முந்தானை முனையில் முடிந்துகொண்டார். “சங்கிலியை எப்ப வேணா மீட்டுக்கலாம்ப்பா” என்றார். மீட்பு என்ற சொல்லை நான் தினமும் ரசீதில் எழுதுகிறேன். அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேனா நகரவில்லை.

அந்தச் சிலுவையின் எடை ஒரு கிராம் கூட இருக்காது. அதற்கு எந்தக் கடையிலும் நல்ல விலை கிடைக்காது.

ராணிப்பேட்டை அம்மாவிடம் திரும்புகிறேன். கம்மலுக்கும் சங்கிலிக்கும் கடன் எழுதிக் கொடுத்துவிட்டு, சிலுவையை ஒரு கவரில் போட்டுத் தந்தேன். அவர் கவரைப் பிரித்து சிலுவையை எடுத்தார். கைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு எடுத்து அதில் கோத்து, கழுத்தில் கட்டிக்கொண்டார். “பித்தளையா இருந்தா இன்னா சார், சிலுவை சிலுவைதானே. ஆனா அந்த அஞ்சாயிரம் எம் பொண்ணு ஃபீஸு” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“எங்க தெருவுல இன்னும் பதினோரு பேர் வாங்கிகினு இருக்காங்க சார். அவங்களைக் கூட்டிகினு வரட்டுமா?”

“கூட்டிட்டு வாங்கம்மா” என்றேன்.

சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். உரைகல்லைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாக இழைத்தேன். ஏழு கோடும் அழிந்தது. எட்டாவதாக ஒரு பெண் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், டாலரைக் கைக்குள் மூடிப் பிடித்தபடி. உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.